ஷார்டொனே என்னும் வெண்முந்திரிகை

பிரான்சு தேசத்தின் கிழக்குப் பகுதியிலே, சோன் நதிக்கு மேற்கே, பேர்கண்டி மாகாணத்தின் தென்கோடியில் ஷார்டொனே என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. முட்செடிகள் மண்டிய இடம் என்பது அப்பெயரின் பழைய இலத்தீன் பொருள் என்பர். உலகத்தார் அவ்வூரை அறியார். ஆயினும் அதன் பெயரை அறிவர். வெண்ணிற வைன் வடிப்பதற்கு உலகெங்கும் பயிரிடப்படும் முந்திரிகை வகைகளுள் முதன்மை வாய்ந்த ஒன்று அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மதுவின் வரலாறு நமக்கெதற்கு என நேயருட் சிலர் வினவலாம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். எனினும், யவனர் மரக்கலங்களில் வந்த தேறலைச் சங்கப் புலவரும் பாடியுள்ளனர். அத்தேறலைத் தாங்கி வந்த சாடிகளின் ஓடுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலே அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஒரு பண்டத்தை உண்ணாதவனும் அதன் வரலாற்றை அறிதல் கூடும். ஷார்டொனேயின் வரலாறோ மண்ணையும் மனிதரையும், அவர் கொண்டாடிய குலப்பெருமையையும் ஒருங்கே காட்டுவது.

பேர்கண்டியின் முந்திரிகைத் தோட்டங்களை இடைக்காலத்தில் வளர்த்தவர் துறவியர். குளூனி மடம் 910 ஆம் ஆண்டிலும், சீத்தோ மடம் 1098 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. வடக்கே ஷாப்லி என்னும் ஊருக்கு அணித்தாகப் பொந்தினி மடம் 1114 இல் எழுந்தது. பூசைக்கு வைன் வேண்டும், விருந்தினர்க்கும் வேண்டும், விற்றுப் பொருளீட்டவும் வேண்டும். துறவியர் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் உழைத்தவராதலின், எந்தச் சரிவில் எவ்வகைப் பழம் விளைகின்றது, எங்கே பனி முதலில் உருகுகின்றது என்பனவற்றைக் கண்டு எல்லை வகுத்தனர். அவர்கள் மண்ணை நாவில் இட்டுச் சுவைத்தே எல்லை குறித்தனர் என ஒரு கதையும் வழங்குகின்றது. அதனைக் கதை என்றே கொள்ளுதல் நன்று. ஆனால் எல்லைகள் உண்மையானவை. பேர்கண்டியின் இத்துண்டு நிலங்களை 2015 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இந்நிலங்களின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் பந்தலிட்டு முந்திரிகை வளர்ப்போர்க்குச் சுண்ணக்கல் புதிதன்று. ஷாப்லியின் குன்றுகளில் அக்கல்லை உடைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்து கிடந்த கடலின் சிறு சிப்பி ஓடுகள் அதனுட் செறிந்திருத்தலைக் காணலாம். தெற்கே மொந்திராஷே என்னும் தோட்டம் இருக்கின்றது. மொட்டை மலை என்பது அப்பெயரின் பொருள். அதன் பரப்பு 8 ஹெக்டேயர். நம் கணக்கில் ஏறக்குறைய 320 பரப்பு. இவ்வளவேயான நிலம் இரண்டு ஊர்களுக்குப் பொதுவாய்க் கிடக்கின்றது. வெண்ணிற வைன்களுள் இதனிலும் விலை மிக்கவை மிகச் சிலவே.

இனி, இம்முந்திரிகையின் பிறப்புக்கு வருவோம். பேர்கண்டியில் உயர்குடியாகப் போற்றப்பட்டது பினோ என்னும் கருமுந்திரிகை. ஷார்டொனேயின் இலையும் குலையும் அதனை ஒத்திருந்தமையால், பினோவே வெண்ணிறமாகத் திரிந்தது எனப் பலர் நெடுங்காலம் எண்ணினர். 'பினோ ஷார்டொனே' என்றே போத்தல்களிலும் எழுதினர். பினோவுக்கு மாறாக, ஏழை உழவர் பள்ள நிலங்களிற் பயிரிட்ட வேறொரு கொடியும் அங்கு இருந்தது. கூஏ என்பது அதன் பெயர். மிகுதியாகக் காய்க்கும், ஆனால் அதன் வைன் புளிப்பும் வெறுமையும் உடையது. அப்பெயரே இகழ்ச்சிச் சொல்லினின்று வந்தது என்பாருமுளர். பெருமக்கள் அதனைத் தம் நிலங்களில் விரும்பினாரல்லர்.

1999 ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரெடித் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும், பிரான்சின் மொன்பெலியே நகர ஆய்வாளரோடு கூடி, முந்திரிகைகளின் மரபணுக்களை ஒப்புநோக்கி ஒரு முடிவை வெளியிட்டனர். ஷார்டொனே பினோவுக்கும் கூஏக்கும் பிறந்த பிள்ளை என்பதே அம்முடிவு. அஃதொன்றே அன்று; பிரான்சின் வடகிழக்கில் விளையும் 16 முந்திரிகை வகைகள் அவ்விரண்டுக்கும் பிறந்த உடன்பிறப்புக்கள் எனவும் கண்டனர். அவற்றுள் கமே என்பதும் ஒன்று. பேர்கண்டிக் கோமகன் துணிவுடைய பிலிப்பு, பினோவின் பெருமையைக் காத்தற் பொருட்டு, கமே கொடிகளைப் பிடுங்கி எறியும்படி 1395 இல் ஆணை பிறப்பித்திருந்தான். தந்தையின் மானத்தைக் காப்பதற்கு மகனை நாடு கடத்தியதை ஒக்கும் அச்செயல் என்பது அறிய 600 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இடையிலே நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1789 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் மடங்களின் நிலம் பறிமுதலாகி ஏலத்திற் போயிற்று. பிள்ளைகளுக்குச் சம பங்கு என்ற சட்டத்தால் அது மேலும் துண்டுபட்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டிக் கட்டியே உழவர் பிழைத்தனர். ஒட்டு மாங்கன்று நடுவோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

ஷார்டொனேயின் சுவையை விளங்க விரும்புவோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இப்பழத்துக்கென ஓங்கிய தனி மணம் மிகுதியாக இல்லை. மண்ணும் வெப்பமும் வடிப்போன் கையும் இட்ட வடிவையே அது பெரிதும் ஏற்கின்றது. குளிர் மிக்க ஷாப்லியில் அதன் வைன் பச்சை அப்பிளும் எலுமிச்சையும் போன்ற கூர்மை உடையது. வெப்பமான நாடுகளிலோ அன்னாசி, மாம்பழம் ஆகியவற்றின் மணம் தோன்றும். பழத்திலுள்ள அப்பிள் அமிலத்தை ஒருவகைப் பற்றீரியங்கள் மென்மையான பாலமிலமாக மாற்றுகின்றன. அப்போது உண்டாகும் ஒரு பொருளே வெண்ணெய் மணத்தைத் தருவது. ஓக்கு மரப் பீப்பாயில் வைத்தால் வனிலாவும் வறுத்த கொட்டையும் போன்ற மணம் ஏறும். பேர்கண்டிப் பீப்பாய் 228 லீற்றர் கொள்ளும். புதுப் பீப்பாயின் மணம் மிகுந்தால் பழத்தின் சுவை மறைந்துவிடும். கறியில் வாசனைச் சரக்கு மிஞ்சினால் மீன் எங்கே எனத் தேட வேண்டியிருப்பது போல. மிகக் குளிரூட்டினாலும் அதன் மணம் அடங்கிவிடும்; 10 பாகை முதல் 12 பாகை செல்சியசு வரை ஏற்றது என்பர் அறிந்தோர். ஷாப்லி வைனைச் சிப்பி இறைச்சியோடு அருந்துவது பிரெஞ்சு மக்களின் நெடுநாள் வழக்கம்.

இவ்வைன் பிரான்சுக்கு வெளியே சிறத்தல் இயலாது என்பது நெடுங்காலம் ஐயமற்ற கொள்கையாக இருந்தது. கலிபோர்ணியாவில் வெந்தி குடும்பத்தார் 1912 அளவில் பிரான்சிலிருந்து ஷார்டொனேக் கொடிகளைப் பெற்று நட்டனர். ஆனால் 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தமையால் அத்தொழில் தளர்ந்து கிடந்தது. அது மீண்டு நிமிர்ந்த காலத்தே, 1976 மே மாதம் 24 ஆம் நாள், பாரிசு நகரில் வைன் கடையும் பயிற்சிப் பள்ளியும் நடத்திய ஸ்ரீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர் ஒரு சோதனை நிகழ்த்தினார். அமெரிக்கா விடுதலை பெற்ற 200 ஆம் ஆண்டை ஒட்டியது அந்நிகழ்ச்சி. கலிபோர்ணியாவின் ஷார்டொனேகள் ஆறும் பேர்கண்டியின் வெண்வைன்கள் நான்கும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. நடுவராய் அமர்ந்த பிரெஞ்சுக்காரர் ஒன்பதின்மரும் அத்துறையிற் பெயர் பெற்றவர். பிரெஞ்சு வைனே வெல்லும் என யாவரும் கருதினர். செய்தியாளருள் வந்தவர் 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் தேபர் ஒருவரே.

போத்தல்களின் பெயர் நடுவர்க்குத் தெரியாது. தேபரின் கையிலோ வரிசைப் பட்டியல் இருந்தது. கலிபோர்ணிய வைனை அருந்திய நடுவர் ஒருவர், பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என மகிழ்ந்ததை அவர் குறித்துக்கொண்டார். புள்ளிகளைக் கூட்டியபோது முதலிடம் பெற்றது கலிபோர்ணியாவின் ஷாத்தோ மொந்தலேனா 1973. இரண்டாவதாக வந்தது பேர்கண்டியின் மெர்சோ. முதலிடம் பெற்ற வைனை வடித்தவர் மைக் கிர்கிச். குரோவாசியாவில் 1923 இல் ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்து, 1954 இல் தாயகம் நீங்கி, 1958 இல் கலிபோர்ணியாவை அடைந்தவர். 2023 இல் நூறு வயது நிரம்பி மறைந்தார். பெயரை மறைத்தமையாலன்றோ இவ்வாறு நேர்ந்தது! போத்தலின் முகப்பு தெரிந்திருப்பின் அந்நடுவர் இட்ட புள்ளிகள் வேறாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வெற்றி பெற்ற வைனின் போத்தல் ஒன்று வாசிங்டனில் தேசிய வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றது.

அதன் பின்னர் ஷார்டொனே உலகெங்கும் பரந்தது. அவுஸ்திரேலியரும் சிலி நாட்டினரும் பெருவாரியாகப் பயிரிட்டனர். விற்பனை மிகுந்தபோது ஓக்கு மணமும் இனிப்பும் மிகுந்தன. 1990களில், ஷார்டொனே தவிர வேறெதுவாயினும் தருக எனக் கேட்பது அருந்துவோரிடையே நாகரிகமாயிற்று. குற்றம் பழத்தினதன்று. வடிப்போர் பலர் பீப்பாயைக் குறைத்துப் பழைய தூய்மைக்கு மீண்டனர்.

ஷாப்லியின் தோட்டங்கள் 1950களில் 500 ஹெக்டேயர் அளவுக்குச் சுருங்கியிருந்தவை, பின்னர் 5,000 ஹெக்டேயருக்கு மேற் பெருகின. அங்கே உழவர்க்கு அச்சம் தருவது சித்திரை மாதத்துப் பின்பனி. வெப்பம் முந்தி வருதலாற் கொடிகள் முன்னரே துளிர்க்கின்றன. பின் ஓர் இரவுப் பனியிலே துளிர் கருகுகின்றது. 2021 ஏப்பிரல் மாதத்தில் இவ்வாறே பேரழிவு நேர்ந்தது. அத்தகைய இரவுகளில் வரிசைதோறும் மெழுகு விளக்குகளை ஏற்றி, விடியுமளவும் உழவர் காவலிருப்பர்.

கூஏக் கொடியோ பேர்கண்டியிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் வலே மலைச்சரிவிலும், அவுஸ்திரேலியாவில் விக்ரோறியா மாநிலத்து ரதர்கிளென் என்னும் ஊரிலும் அதன் வரிசைகள் சில இன்றும் காய்க்கின்றன.