காசின்றி நடந்த எண்ணாயிரம் மைல்

ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமை சமண முனிவர்க்கு உரிய ஒழுக்கம். கார்காலத்து நான்கு திங்கள் நீங்கலாக, மற்றக் காலமெல்லாம் ஊர்விட்டு ஊர் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஊர்தி ஏறலாகாது, பொருளைத் தீண்டலாகாது. முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு அடிபெயர்த்து வைத்தலை ஈரியா சமிதி என்பர். இல்லறத்தார் இடும் தூய உணவைக் குற்றம் நீக்கி ஏற்றலை ஏஷணா சமிதி என்பர். திகம்பர முனிவரோ தம் இரு கைகளையே கலமாகக் கொண்டு, நின்றபடியே, நாளுக்கு ஒருமுறை மட்டும் உண்பர். இவையெல்லாம் வினையின் ஊற்றை அடைத்துச் செறிப்பிற்கு வழிவகுப்பவை என்று நம் நூல்கள் கூறும். அவற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. படையின்றி, பணமின்றி, பசியோடு ஓர் ஊருக்குள் நுழைபவரைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அவர் எந்த நாட்டார், எந்த மொழியார் என்று கேட்பதற்கு முன்னரே, அவர்க்கு உணவிட வேண்டுமே என்ற எண்ணம் இல்லத்தார்க்குத் தோன்றிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் பொற்கொல்லனும் இடம்பெறுகின்றனர். நாளெல்லாம் உழைத்து ஊதியம் கண்ட எளிய தொழிலினர், நடந்து வந்தவர்களைத் தங்கச் செய்த வரலாறு அது. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் ஏந்திக் கோவலன் கண்ணகியரோடு மதுரைக்கு நடந்தார். வழியில் எவ்வெவ்விடத்தே எவ்வெவ்வுயிர்க்குத் துன்பம் நேரக்கூடும் என்று சொல்லிக்கொண்டே சென்ற அவ்வடிகள், மதுரைப் புறஞ்சேரியில் தம் வழித்துணைவரை ஒப்படைத்தது ஆயர்குலத்து மாதரியிடம். இளங்கோவடிகள் அதனை வியப்பாகக் காட்டவில்லை, இயல்பாகவே காட்டுகிறார்.

இந்த நடையொழுக்கம் இருபதாம் நூற்றாண்டில், அணுகுண்டுகள் அடுக்கப்பட்டிருந்த நாடுகளின் எல்லைகள் வரை சென்றது. அதனை அங்கே கொண்டுசென்றவர் ஒன்பது ஆண்டுகள் சமணத் துறவியாக வாழ்ந்த ஓர் இளைஞர். பெயர் சதீஷ் குமார். இராசத்தானத்தின் ஸ்ரீடூங்கர்கட்டில் 1936-ஆம் ஆண்டு பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்து, ஒன்பது வயதில் சுவேதாம்பர தேராபந்தப் பிரிவில் ஆசார்ய துளசியிடம் தீட்சை பெற்றார். வெறுங்காலோடு நடப்பதையும் வீடுதோறும் சென்று உணவு ஏற்பதையும் சிறுவயதிலேயே பழகிய அவர், பதினெட்டாம் வயதில் காந்தியடிகளின் தன்வரலாற்றைப் படித்தார். அறத்தை உலகை விட்டு விலகி நின்றுதான் நோற்க வேண்டுமா, உலகிற்குள் நின்றும் நோற்கலாமா என்ற ஐயம் அவருக்குப் பிறந்தது. துறவைக் கைவிட்டு வெளியேறி, வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் சேர்ந்தார்.

ஏற்ற மாவிரதத்தைக் கைவிடுதல் நம் சமயத்தில் சிறு குற்றமன்று. அதனைச் சரியென நிறுவ இக்கட்டுரை முயலவில்லை. மகாவிரதம் மகாவிரதமே, அதன் இடத்தில் வேறொன்றை வைக்க இயலாது. ஆயினும், துறவுக்கோலம் நீங்கிய பின்னும் துறவின் பயிற்சி அவரை விட்டு நீங்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

1961-ஆம் ஆண்டு செப்டம்பரில், அணுகுண்டு எதிர்ப்பு அறப்போரில் ஈடுபட்டமைக்காக இங்கிலாந்தின் மெய்யியலறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சிறை சென்றார். அப்போது அவர்க்கு அகவை 89. அச்செய்தியைச் சதீஷ் குமாரும் அவர் நண்பர் இ.பி. மேனனும் பெங்களூரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து நாளிதழில் படித்தனர். தொண்ணூறை நெருங்கிய முதியவர் உலக அமைதிக்காகச் சிறை புகும்போது, இளைஞராகிய நாம் இங்கே காப்பி அருந்திக்கொண்டிருக்கிறோமே என்ற நாணம் இருவரையும் பற்றியது. அன்று அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு. அவற்றின் தலைநகரங்களாகிய மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்கு நடந்தே செல்வதென முடிவு செய்தனர்.

வாழ்த்துப் பெற வினோபாவிடம் சென்றபோது, அவர் இரண்டு நிபந்தனைகளையே கொடையாக அளித்தார். ஒன்று, கையில் காசு கொண்டு செல்லலாகாது. மற்றொன்று, எங்கும் புலால் உண்ணலாகாது. காசு இருந்தால் களைத்த கால்கள் விடுதியை நாடும். உண்டு உறங்கி மறுநாள் கிளம்பிவிடுவர். ஒருவரோடும் பேச நேராது. காசில்லையேல் ஒரு வீட்டின் கதவைத் தட்டியே ஆக வேண்டும். தட்டிய வீட்டில் புலால் வேண்டாவென மறுத்தால், ஏன் என்று கேட்பர்; அங்கே அகிம்சை பற்றிய பேச்சு தானே தொடங்கிவிடும். வினோபா இதனைச் சமண நூல்களிலிருந்து எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயினும் அபரிக்கிரகமும் அகிம்சையும் என்ற இரண்டு விரதங்களையே அவர் வழிச்செலவாகக் கட்டிக்கொடுத்தார் என்று கொள்ளலாம்.

1962-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், தில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்திலிருந்து இருவரும் புறப்பட்டனர். முதற்சோதனை பாகிஸ்தான் எல்லையில் வந்தது. பிரிவினைக் குருதி உலர்ந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. வழியனுப்ப வந்த நண்பர் ஒருவர் கண்ணீரோடு உணவுப் பொட்டலங்களை நீட்டினார். பகை நாட்டில், மாற்றுச் சமயத்தார் நடுவில், காசில்லாத இந்தியர்க்கு யார் சோறிடுவர் என்பது அவர் அச்சம். சதீஷ் குமார் அவற்றை ஏற்கவில்லை. அவை உணவுப் பொட்டலங்கள் அல்ல, ஐயப்பாட்டின் பொட்டலங்கள் என்பது அவர் கருத்து. சோறிடுவார் என்று நம்பாமல் கட்டுச்சோறு கொண்டுவந்தேன் என்று அந்நாட்டாரிடம் எப்படிச் சொல்வது? உணவு கிட்டாத நாளை உண்ணாநோன்பு நாளாகக் கொள்ளலாம் என்றும் கூறினார். உபவாசத்தில் பழகிய ஒருவர்க்கன்றி அவ்விடை எளிதில் வந்திராது. எல்லையைக் கடந்ததும், அமைதிக்காக நடக்கும் இந்தியர் நீங்கள்தாமோ என்று கேட்டபடி முன்பின் அறியாத ஒருவர் எதிர்வந்து, இலாகூரிலுள்ள தம் இல்லத்திற்கு அழைத்தார். அவர் கொணர்ந்த காரில் ஏறாமல், நடந்தே சென்று அவர் விருந்தினராயினர்.

இந்தியராகச் சென்றால் பாகிஸ்தானியரையே காண்போம், மனிதராகச் சென்றால் மனிதரைக் காண்போம் என்னும் பொருள்பட அவர் பிற்காலத்தில் பலமுறை பேசியுள்ளார். மேடையில் சொல்ல எளிதான கருத்துத்தான். எல்லைக்கோட்டில் கட்டுச்சோற்றை மறுத்த பின் சொல்வதால் அதற்கு எடை கூடுகிறது.

கைபர் கணவாயைக் கடந்து, ஆப்கானிஸ்தானம், ஈரான் வழியாக நடை தொடர்ந்தது. அவர்கள் இந்திய மண்ணை விட்டு நீங்கியிருந்த அக்காலத்தில்தான், 1962 அக்டோபரில், கியூபாவில் நிறுத்தப்பட்ட ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்பிற்குச் சென்று மீண்டது. அதே திங்களில் இந்திய சீனப் போரும் மூண்டது. அமைதி என்ற சொல்லே ஏளனத்திற்குரியதாகிவிட்ட நாள்கள் அவை.

சோவியத் நாட்டில், கருங்கடலை அடுத்த பகுதியில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அருகே இரண்டு பெண்களைச் சந்தித்தனர். இவர்கள் செல்லும் நோக்கத்தைக் கேட்டறிந்த பின், அவர்களுள் ஒருத்தி நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு நாட்டுத் தலைவர்க்கும் ஒவ்வொன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தும் எண்ணம் எழுந்தால், சற்றே நிறுத்தி, இந்தத் தேநீரை ஒரு கோப்பை அருந்துமாறு சொல்லுங்கள் என்பது அவள் செய்தி. அதற்குள் சினம் தணியலாம் அன்றோ! நால்வகைக் கசாயங்களைப் பற்றி அப்பெண் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆயினும் குரோதம் எழும் கணத்திற்கும் செயலுக்கும் இடையே சிறிது காலம் வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அப்பொட்டலங்களைச் சுமந்துகொண்டே இருவரும் மாஸ்கோவையும், பின்னர் மேலை ஐரோப்பாவையும் அடைந்தனர். எல்லையில் மறுக்கப்பட்ட பொட்டலங்களும் ஏற்று வந்த இப்பொட்டலங்களும் ஒப்புநோக்கத் தக்கவை.

பாரிசில் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். பிரித்தானியாவில் ரஸ்ஸலை நேரிற் கண்டு உரையாடினர். அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலில் கடக்க அவரே உதவினார். அமெரிக்காவின் தென்பகுதியில், நிறவெறி மிக்க ஓர் உணவகத்தில், அதன் உரிமையாளர் அவர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். நண்பர் அஞ்சிய பாகிஸ்தானில் விருந்து கிடைத்தது. செல்வமும் சட்டமும் செழித்த நாட்டில் துப்பாக்கி எதிர்ப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங்கையும் கண்டு உரையாடினர். 1964-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பயணம் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில், அதற்குச் சிறிது காலம் முன்னர் கொல்லப்பட்ட அதிபர் கென்னடியின் கல்லறையில் நிறைவுற்றது. சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் நினைவிடத்தில் தொடங்கி, சுட்டுக் கொல்லப்பட்ட இன்னொருவரின் நினைவிடத்தில் முடிந்த நடை அது. கடந்த தொலைவு ஏறத்தாழ எண்ணாயிரம் மைல்.

இவ்விருவர் நடையால் ஒரு குண்டும் குறையவில்லை. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான பகுதி அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை அரசுகளின் கணக்கால் நேர்ந்தது. அதிலும் பிரான்சு சேரவில்லை. அக்காலத்து வேறு நடைப்பயணங்களும் இவ்வாறே. 1960 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓர் அமைதிக்குழு கிளம்பி, பத்துத் திங்களில் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை அடைந்தது. அவர்களையும் பிரான்சு உள்ளே விடவில்லை. 1963 மார்ச்சு முதல் நாள் சங்கர்ராவ் தேவ் தலைமையில் இந்தியரும் வெளிநாட்டாரும் அடங்கிய குழுவொன்று தில்லியிலிருந்து பீகிங் நோக்கி நட்பு நடை புறப்பட்டது. போர் முடிந்து சில திங்களே ஆகியிருந்ததால் உள்நாட்டிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. சீனமும் நுழைவு அனுமதி தரவில்லை. அசாமிலேயே அந்நடை நின்றுவிட்டது. எனினும், பகைமூண்ட நேரத்தில் தம் மக்கள் நடுவே நடந்து, அவர்தம் சினத்தைக் கேட்டுப் பொறுத்த அக்குழுவினரின் நோன்பு, வென்றதாகப் புகழப்படும் பயணங்களினும் கடினமானது.

அப்படியாயின் மாறியது யாது? நடந்தவர் மாறினர். துறவியாயிருந்த காலத்தில் சதீஷ் குமாரை வரவேற்றவை பெரும்பாலும் அவர் நிலையை அறிந்து வணங்கிய இல்லங்கள். இப்பயணத்தில் அவரை யாரென்றே அறியாத இல்லங்களின் கதவுகளை அவர் தட்ட வேண்டியிருந்தது. கொடுப்பவரினும் தாம் உயர்ந்தவர் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. மானத்தைத் தேய்க்க அதனினும் வலிய தவம் அரிது. சோறிட்டவர்களும் மாறியிருத்தல் கூடும். அவர்களின் கதையை எழுதி வைத்தார் இலர்.

தேராபந்த சங்கமும் இத்தகைய பயணங்களைப் பின்னர் மேற்கொண்டது. 1949-இல் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கிய ஆசார்ய துளசியின் வழிவந்த ஆசார்ய மகாபிரக்ஞர் 2001-இல் அகிம்சை யாத்திரை புறப்பட்டு, 2002-இல் கலவரத்தால் புண்பட்டிருந்த குசராத்திற்குள் தம் சாதுக்களோடு நடந்தார். தமிழராகிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரைச் சூரத்தில் சந்தித்ததும், இருவரும் இணைந்து பின்னர் நூல் எழுதியதும் பலர் அறிந்தவை. அவர்க்குப் பின்வந்த ஆசார்ய மகாசிரமணர் 2014-இல் தில்லியில் தொடங்கிய யாத்திரை நேபாளம், பூட்டான் நாடுகளையும் கடந்தது. 2018-இல் அவர்தம் சாதுர்மாசம் சென்னையில் நிகழ்ந்தது.

இல்லறத்தார் இவ்வாறு நடத்தல் இயலாது. நம் குடும்பங்கள் சம்மேத சிகரத்திற்கும் சிரவணபெளகொளாவிற்கும் பேருந்தில், சமையற்காரரோடும் பாத்திரங்களோடும் செல்வதே வழக்கம். இரவுணவு நீக்குவோர்க்கும் கிழங்கு தவிர்ப்போர்க்கும் அது தேவையான ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பத்து நாள் பயணத்தில் வழியிலுள்ள ஊரார் ஒருவரோடேனும் அமர்ந்து பேசாமல் திரும்பும்போது, அந்தப் பாத்திரங்களுள் ஏதேனும் ஒன்று அந்த எல்லைக்கோட்டுப் பொட்டலத்தைப் போன்றதாகிவிடவில்லையா என்று கேட்பதில் தவறில்லை.

மதுரையில் 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்தபோது, அம்மலையின் சமணச் சின்னங்களையும் பொதுமக்கள் கவனித்தனர். அதனையொட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய பசுமை நடையில், பல சமயத்தாரும் குடும்பத்தோடு சமணக் குன்றுகளுக்கு நடந்து செல்கின்றனர். கற்படுக்கை என்றால் என்ன, தீர்த்தங்கரர் என்பார் யாவர் என்று கேட்டறிகின்றனர். கீழக்குயில்குடிச் சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் உள்ளன. அக்கோயிலுக்கு வரும் ஊரார்க்கு மேலேயுள்ள அருகன் திருவுருவங்கள் அயலானவை அல்ல. நம் யாத்திரைப் பேருந்து அவ்வடிவாரத்தில் நிற்கும் காலையில், சமையற்காரர் இருபது பேர்க்குக் கூடுதலாக உலை வைத்தால் போதும். மரநிழலில் ஊர்ப் பெரியவர்களையும் உடன் அமர்த்தி உண்ணலாம்.