நம் கையால் ஒரு மைக்



மைக் இல்லாத மேடை உண்டா? ஆனால் ஸ்டுடியோ மைக்கை நாமே செய்யலாம் என்றால், "அதெல்லாம் ஃபாரின்காரன் வேலைப்பா" என்று ஒதுங்கிவிடுகிறோம். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

1878-ல் லண்டனில் டேவிட் ஹ்யூஸ் காட்டிய மைக்கில் இருந்தது என்ன தெரியுமா? சாதாரண ஆணிகள், பாட்டரி, அவ்வளவுதான்! அவர் காப்புரிமை கூட வாங்கவில்லை. 1916-ல் அமெரிக்காவில் வென்ட் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். 1962-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லரும் வெஸ்டும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தபின் மைக் மலிவானது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அகில இந்திய வானொலி பிறக்கும் முன்பே, 1924 மே 16-ல் சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியது. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து 40 வாட் டிரான்ஸ்மிட்டரைத் தாமே பூட்டினார். ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றாலும் முயற்சி வீணாகவில்லை. கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது.

இன்று கண்டென்சர் மைக் செய்வது எப்படி? தங்கம் பூசிய மெல்லிய சவ்வு, அதன் பின்னால் துளையிட்ட பித்தளைத் தகடு. நடுவில் தலைமுடியை விடக் குறைந்த இடைவெளி. ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் மின்னழுத்தம் மாறும். அந்தச் சின்ன சிக்னல் நீண்ட வயரில் போகாது. அதனால் பக்கத்திலேயே ஒரு எஃப்.இ.டி., 100 கோடி ஓம் ரெசிஸ்டர். மிக்சரிலிருந்து 48 வோல்ட். இந்தக் கேப்ஸ்யூலை மட்டும் வாங்கிக்கொண்டால் மீதி நம் கைவேலைதான். ஒரு எச்சரிக்கை: அந்த ரெசிஸ்டரில் விரல் பிசுக்கு பட்டால் கரகரப்பு வரும். ஆல்கஹாலில் துடைத்துக் காயவைக்கணும். வலைக்கூண்டில் ஒரு அடுக்கைக் குறைத்தாலே குரலின் தன்மை மாறுவதைக் காதால் கேட்கலாம்.

இரைச்சல் புகாமலிருக்க மைக்கின் கூடு உலோகத்தில் இருக்கணும். பித்தளையை அரத்தால் ராவிப் பொருத்த நம்ம ஊர் பூட்டுத் தொழிலாளிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அலிகார் மெஷின் பூட்டின் விலைப் போட்டியில் தொழில் சுருங்கிவிட்டது. கை நின்றால் வித்தையும் நின்றுபோகும். நம் மாணவர்கள் சர்க்யூட்டுடன் அந்தப் பட்டறைப் படி ஏறினால் இருவருக்குமே லாபம்.

அடுத்த ஆண்டு விழாப் பேச்சுகளை நம் மாணவர் செய்த மைக்கில் பதிவு செய்வோமே!