மே மாதப் போட்டி செப்டம்பருக்குப் போன கதை



பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். நடுவில் மணி அடிக்காது, பயப்படாதீர்கள்.

வரலாறு என்றால் போரும் பட்டாபிஷேகமும் உடன்படிக்கையும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டுப் போட்டியின் தேதி மாறியதில்கூட ஒரு பாடம் முழுக்க இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் போட்டி மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குப் போனதைச் சொல்கிறேன். உங்களில் பலர் இன்று தலைமை ஆசிரியராக, அலுவலகத்தில் மேலாளராக, ஊரில் நாலு பேருக்கு முடிவு சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடம். அந்த மைதானத்தின் பெயர் ரோலண்ட் கேரோஸ். பலர் அவரை ஒரு டென்னிஸ் வீரர் என்று நினைக்கிறார்கள். அவர் விமானி. 1913 செப்டம்பர் 23 அன்று மத்தியதரைக் கடலை நிற்காமல் பறந்து கடந்த முதல் மனிதர். முதல் உலகப் போரில் 1918 அக்டோபர் 5 அன்று, தம் முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வானில் சண்டையிட்டு மாண்டார். பிறந்தது எங்கே தெரியுமா? கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே ரீயூனியன் தீவில். இன்று அந்தத் தீவின் பெரிய விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பாரிஸில் 1928-ல் டேவிஸ் கோப்பைப் போட்டிக்காக இந்த மைதானத்தைக் கட்டியபோது அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த மைதானம் நல்லதையும் பார்த்திருக்கிறது, கெட்டதையும் பார்த்திருக்கிறது. 1939-ல் போர் மூண்டதும் வெளிநாட்டவர் பலரைப் பிடித்து அங்கேதான் அடைத்து வைத்தார்கள். எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லரும் அவர்களில் ஒருவர். இரண்டு உலகப் போர்களும் பிரெஞ்சுப் போட்டியைப் பல ஆண்டுகள் நிறுத்தின. லண்டனில் விம்பிள்டனும் 1915 முதல் 1918 வரையும், 1940 முதல் 1945 வரையும் நடக்கவில்லை. 1940 அக்டோபரில் அதன் நடு மைதானத்தின் மேலேயே குண்டு விழுந்தது.

நோயால் போட்டி நின்ற கதையும் பழையதுதான். 1919-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் வீரர்கள் படுத்துவிட, வட அமெரிக்காவின் ஸ்டான்லி கோப்பை ஐஸ் ஹாக்கி இறுதித் தொடரைப் பாதியில் கைவிட்டார்கள். மான்ட்ரியல் அணியின் ஜோ ஹால் அந்த நோயிலேயே இறந்துபோனார். அந்த ஆண்டுக்குக் கோப்பையில் வெற்றி பெற்றவர் பெயர் இல்லை. தொடர் முடிவுறவில்லை என்றுதான் பின்னாளில் பொறித்திருக்கிறார்கள்.

இப்போது 2020-க்கு வருவோம். மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ் போட்டியை ரத்து செய்தார்கள். வீரர்கள் பலர் ஏற்கெனவே அங்கே வந்து பயிற்சியில் இருந்தார்கள். மார்ச் 12 அன்று ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு ஆறு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தியது. மார்ச் 16 இரவு பிரான்ஸ் அதிபர் மக்ரோன் தொலைக்காட்சியில் பேசினார். மறுநாள் நண்பகலிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

அதே மார்ச் 17 அன்று பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு ஓர் அறிவிப்பு விட்டது. மே 24 முதல் ஜூன் 7 வரை நடக்கவேண்டிய போட்டி, செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 4 வரை நடக்கும். அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை.

டென்னிஸ் உலகம் கொதித்துவிட்டது. ஏன் என்று புரிந்துகொள்ள அந்த நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். டென்னிஸ் ஆண்டு என்பது பூச்சரம் மாதிரி. ஜனவரியில் ஆஸ்திரேலியா, பிறகு அமெரிக்கா, வசந்தத்தில் ஐரோப்பாவின் செம்மண் தரை, ஜூன், ஜூலையில் புல்தரை, ஆகஸ்டில் மறுபடி அமெரிக்காவின் கெட்டித் தரை. ஒரு பூவை உருவி வேறு இடத்தில் செருகினால் பக்கத்துப் பூக்கள் உதிரும். அமெரிக்க ஓப்பன் முடிவதோ செப்டம்பர் 13. ஏழே நாளில் நியூயார்க்கின் கெட்டித் தரையிலிருந்து பாரிஸின் செம்மண்ணுக்கு மாற வேண்டும். அதே வாரத்தில் பாஸ்டன் நகரில் லேவர் கோப்பைப் போட்டியும் இருந்தது. ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் இரண்டு வீட்டுக் கல்யாணம் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

வீரர்கள் பலர் செய்தியை அறிந்ததே ட்விட்டரில்தான். வீரர்கள் மன்றத்தில் இருந்த கனடாவின் வாசெக் போஸ்பிசில் இது பைத்தியக்காரத்தனம் என்றார். நவோமி ஒசாகா பிரெஞ்சிலேயே 'மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?' என்கிற தொனியில் கேள்விக்குறிகளோடு பதிவு போட்டார். அமெரிக்க டென்னிஸ் சங்கமோ, தேதியை மாற்றுவதென்றால் மற்றவர்களோடு கலந்து பேசித்தான் மாற்றுவோம் என்று நாசூக்காக அறிக்கை விட்டது. யாரைக் குத்தியது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பாரிஸ்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதினால் அது வரலாறு ஆகாது.

அந்தக் கூட்டமைப்பின் வருமானத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த ஒரு போட்டியிலிருந்துதான் வருகிறது. பிரான்ஸின் சின்னஞ்சிறு ஊர்களில் இருக்கும் டென்னிஸ் சங்கங்கள், பிள்ளைகளுக்கான பயிற்சி, கீழ்நிலைப் போட்டிகள் எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் நடக்கின்றன. ஒரு போகம் போனால் ஆண்டு முழுக்கப் பட்டினி என்கிற விவசாயி நிலைமை.

விம்பிள்டனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று அவர்கள் அந்த ஆண்டுப் போட்டியையே ரத்து செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவே முதல் முறை. புல்லுக்குப் பருவம் உண்டு. இலையுதிர் காலத்து லண்டனில் பனி ஈரத்தில் புல்தரை வழுக்கும், வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும். ஆகவே தள்ளிவைக்க வழியில்லை. ஆனால் அவர்களிடம் பெருந்தொற்றுக்கும் பொருந்தும் காப்பீடு இருந்தது. பல ஆண்டுகளாகத் தவணை கட்டி வந்திருந்தார்கள். அந்தத் தெம்பில், நடக்காத போட்டிக்கும் 620 வீரர்களுக்கு மொத்தம் 1 கோடி பவுண்டு பிரித்துக் கொடுத்தார்கள். முதன்மைச் சுற்று ஒற்றையர் வீரர் ஒவ்வொருவருக்கும் 25,000 பவுண்டு. பட்டம் வெல்லக்கூடியவருக்கும் முதல் சுற்றில் தோற்கக்கூடியவருக்கும் ஒரே தொகை!

பாரிஸின் செம்மண் கொஞ்சம் இளக்கமானது. உண்மையில் அது மண்ணே அல்ல, சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல் தூவிய செங்கல் தூள். இலையுதிர் காலத்திலும் அதில் ஆடலாம். அதோடு, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு நடு மைதானத்துக்குக் கூரை வந்திருந்தது, பல ஆடுகளங்களுக்கு விளக்குகளும் வந்திருந்தன. 2020-தான் அவற்றுக்கு முதல் ஆண்டு. இவை இல்லாவிட்டால் செப்டம்பரை நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் கடைசியில் ஏழரைக்கே பொழுது சாய்ந்துவிடும்.

பிறகு என்ன ஆயிற்று? ஜூன் 17 அன்று எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரு புதிய நாட்காட்டியை வெளியிட்டன. பிரெஞ்சு ஓப்பன் இன்னும் ஒரு வாரம் தள்ளி செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 11 வரை என்று ஆனது. லேவர் கோப்பை அடுத்த ஆண்டுக்குப் போயிருந்தது. ஆகஸ்டில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் பார்வையாளரே இல்லாமல் நடந்தது.

பாரிஸில் மட்டும் ஜனங்களை உள்ளே விட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். முதலில் நாளுக்கு 20,000 பேர் என்றார்கள். நோய் மறுபடி ஏற ஏற, அது 11,500 ஆயிற்று, பிறகு 5,000, கடைசியில் பிரதமர் ஜான் காஸ்டெக்ஸ் 1,000-தான் என்று முடித்துவிட்டார். முந்தைய ஆண்டு 5 லட்சத்துக்கும் மேல் பேர் வந்த இடம். 15 நாளுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போட்டாலும் 15,000 தாண்டாது.

வீரர்களை இரண்டு ஓட்டல்களில் தங்கவைத்தார்கள். பாரிஸில் சொந்த வீடு இருப்பவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. பரிசோதனை மேல் பரிசோதனை. குளிரோ எலும்பைத் துளைத்தது. ஈரத்தில் பந்து கனத்து, எழும்பவே மறுத்தது. விக்டோரியா அசரென்கா தூறலிலும் குளிரிலும் உட்கார முடியாது என்று மைதானத்தை விட்டு உள்ளே போய்விட்டார். இத்தாலியின் லொரென்சோ ஜூஸ்டினோ முதல் சுற்று ஒன்றில் 6 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 18-16 என்று வென்றார். நடாலும் சின்னரும் ஆடிய காலிறுதி முடிந்தபோது நள்ளிரவு தாண்டி மணி 1.26.

இந்தக் குளிரும் கனத்த பந்தும் நடாலுக்கு ஆகாது, மூடிய கூரை ஜோகோவிச்சுக்குத்தான் சாதகம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அக்டோபர் 11, இறுதி ஆட்டம், கூரை மூடியிருந்தது. நடால் 6-0, 6-2, 7-5 என்று வென்றார். அந்த மண்ணில் அவருக்கு 100-வது வெற்றி, 13-வது பட்டம். மொத்தத்தில் 20-வது பெரும் பட்டம், ஃபெடரருக்குச் சமம். நிபுணர்கள் சொல்லும் எதிர்காலத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பெண்கள் பிரிவில் போலந்தின் 19 வயது இகா ஸ்வியாடெக். தரவரிசையில் 54-வது இடம். அந்த ஆண்டுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். முதல்நிலை வீராங்கனை ஹாலெப்பை 6-1, 6-2 என்று அனுப்பிவைத்து, இறுதியில் சோபியா கெனினை 6-4, 6-1 என்று வென்றார். தொடர் முழுக்க ஒரு செட்கூட விடவில்லை. ஒற்றையரில் பெரும் பட்டம் வென்ற முதல் போலந்துக்காரர். மார்ச் மாதத்தில் அந்தப் போட்டியை அடியோடு ரத்து செய்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆண்டு வருமானம் குறைந்ததால் பரிசுத் தொகையையும் குறைத்தார்கள். பட்டம் வென்றவருக்கு 2019-ல் 23 லட்சம் யூரோ, 2020-ல் 16 லட்சம். ஆனால் முதல் சுற்றில் தோற்றவருக்கு 46,000 யூரோவிலிருந்து 60,000 ஆக உயர்த்தினார்கள். மேலே வெட்டிக் கீழே கொடுத்தார்கள். தரவரிசையில் நூறைத் தாண்டியவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆடினால்தான் காசு, பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் கைக்காசுதான். ஐந்து மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்த 14,000 யூரோ எவ்வளவு பெரிது! ஏப்ரல், மே மாதங்களில் டென்னிஸ் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 60 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி, சுமார் 800 வீரர்களுக்கு உதவியதையும் சொல்ல வேண்டும்.

இப்போது என் கேள்வி. மார்ச் 17 அன்று எடுத்த முடிவு சரியா, தவறா?

போட்டி நன்றாக நடந்ததை வைத்து 'சரி' என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். அன்று அது நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அக்டோபர் முடிவதற்குள் பிரான்ஸ் மறுபடியும் ஊரடங்குக்குப் போனது. மூன்று வாரம் பிந்தியிருந்தால் அதுவும் நடந்திருக்காது. ஒருவர் எடுத்த முடிவை, அன்று அவர் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பின்னால் கிடைத்த அதிர்ஷ்டத்தை வைத்து எடைபோடக் கூடாது.

அப்படிப் பார்த்தால் இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, என்ன முடிவு என்பது. இன்னொன்று, எப்படி முடிவெடுத்தார்கள் என்பது. ரத்து செய்யாமல் தள்ளிவைத்தது நியாயம். நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பும் ஊர்ச் சங்கங்களின் வரும்படியும் அதில் இருந்தன. ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல், காலியாக இருந்த நாற்காலியில் துண்டைப் போட்டு இடம்பிடித்தது நியாயம் இல்லை. மூன்று மாதம் கழித்து எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது, அவர்கள் தேதி ஒரு வாரம் நகர்ந்து மற்றவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. முதலிலேயே நாலு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் இந்தக் கசப்பு இருந்திருக்காது. 2021-லும் அதே போட்டி ஒரு வாரம் தள்ளிப்போனது. 2020 அளவுக்கு அப்போது கூச்சல் எழவில்லை.

நெருக்கடி நேரத்தில் வேகமாக முடிவெடுப்பவரை நாம் மெச்சுகிறோம். மெச்ச வேண்டியதுதான். ஆனால் அந்த முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வீட்டிலும் அலுவலகத்திலும் இது பொருந்தும்.

நீங்கள் அந்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்திருந்தால் மார்ச் 17 அன்று என்ன செய்திருப்பீர்கள்? கீழே எழுதுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் முதலில் எழுத வேண்டும், முன் பெஞ்சுக்காரர்கள் விடையைப் பார்த்து எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சாயங்காலம் விளையாட விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்