ஆளைக் கொன்றபின் கேட்கும் குரல்

ஃபேரர் பார்க்கில் அக்கா வீடு. சனிக்கிழமை மத்தியானம் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு சோபாவில் சரிந்தால், பாலிடெக்னிக்கில் படிக்கிற அக்கா மகன் டிவியை எடுத்துக்கொள்வான். பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக முதலிலிருந்து விளையாடுவது இப்போது அவனுக்குப் பைத்தியம். போன மாதம் 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையின் முதல் ஆட்டம். 2007இல் வந்தது. தலையில் முக்காடு போட்ட அல்தாயிர் என்பவன் கூரைக்குக் கூரை தாவுகிறான், கூட்டத்துக்குள் நுழைகிறான், மணிக்கட்டில் ஒளித்த கத்தியால் ஒருவனைக் குத்துகிறான். எனக்கு இதெல்லாம் ஓடாது. பாதித் தூக்கத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குத்துப்பட்டவன் பேச ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கத்தி இறங்கியதும் சந்தை, கூட்டம், காவலர்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. வெறுமையான ஒரு வெளியில் சாகிறவனும் கொன்றவனும் மட்டும். சாகிறவன் தன் நியாயத்தைச் சொல்கிறான். ஏக்கர் நகரத்து மருத்துவர் ஒருவர், நோயாளிகளை அடைத்துவைத்து வதைத்தவர் என்று நாம் நம்பிக் கொன்றவர், நான் இவர்களைக் குணப்படுத்திக்கொண்டிருந்தேன் என்கிறார். ஒன்பது பேரைக் கொல்ல அனுப்புகிறார் குரு. ஒவ்வொருவனும் சாகும்போது ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டுப் போகிறான். கடைசியில் பார்த்தால் அனுப்பிய குருவே எதிரிக் கூட்டத்தில் பத்தாவது ஆள்.

"மாமா, இவன் நல்லவனா கெட்டவனா?" என்றான் பையன். பதில் சொல்ல வரவில்லை.

அசாசின் என்ற சொல்லே எதிரிகள் வைத்த பெயர். நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற சிறுபான்மை ஷியாக்கள், ஹசன் இ சபாஹ் தலைமையில் 1090இல் அலமூத் மலைக்கோட்டையைப் பிடித்தார்கள். படை சிறியது, சுற்றிலும் பேரரசு. அதனால் படையோடு மோதாமல் தலையை மட்டும் கொய்யும் வழியை எடுத்தார்கள். 1092இல் செல்ஜுக் மந்திரி நிஸாம் அல் முல்க். நூறு ஆண்டு கழித்து, 1192இல், டயர் நகரத்துத் தெருவில் ஜெரூசலேமின் அரசனாகத் தேர்வாகியிருந்த கான்ராட். அனுப்பப்பட்டவர்கள் தப்பி வருவார்கள் என்று பொதுவாக யாரும் எதிர்பார்க்கவில்லை. கஞ்சா கொடுத்துச் சொர்க்கத்தைக் காட்டி அனுப்பினார்கள் என்பது பிறர் கட்டிய கதை. மார்க்கோ போலோ அதை உலகமெல்லாம் கொண்டுபோனார். உயிரைக் கொடுக்கத் துணிந்தவனைப் பார்த்தால் அவன் மயக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது எதிரிக்கு வசதி. 1938இல் ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்தோல் இதை 'அலமூத்' நாவலாக்கினார். ஆட்டம் பிறந்தது அந்த நாவலின் தூண்டுதலில்தான். பிற்பாடு வந்த ஆட்டங்களின் கடற்போரை உருவாக்கியவர்கள் யூபிசாஃப்ட்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோக்காரர்கள், நம்ம ஊர்ப் பிள்ளைகள். 2016இல் இந்தியக் கதை ஒன்றும் வந்தது. 1841இன் அமிர்தசரஸில் தொடங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் யாரும் வரவில்லை.

வந்திருந்தால் அது வாஞ்சிநாதனாகத்தான் இருக்கும்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். ஏழாம் வகுப்பில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் வாஞ்சியைப் பற்றிப் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் ரயில் வாஞ்சி மணியாச்சியில் நிற்கும்போதெல்லாம், இந்த பிளாட்பாரம்தானே என்று தலையை நீட்டிப் பார்ப்பேன். 1911 ஜூன் 17. காலை பத்தரை மணிவாக்கில் முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷும் மனைவி மேரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பெட்டியில் ஏறி பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்ட இருபத்தைந்து வயது இளைஞர், ஓடிப்போய் பிளாட்பாரத்துக் கழிப்பறையில் தன் வாய்க்குள் சுட்டுக்கொண்டார். செங்கோட்டைக்காரர், புனலூரில் வனத்துறை வேலை.

அதே ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, அதாவது மூன்று மாதம் முன்பு, இதே ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார். சம்பந்தமில்லைதான். ஆனாலும் இரண்டும் ஒரே ஆண்டு என்று தெரிந்த நாளிலிருந்து, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடக்கும்போது மணியாச்சி ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. டம்ளர் வாங்கிப் பல வருஷம் கழித்து, கல்லூரியில்தான் அதை முழுதாகப் படித்தேன். மிலேச்சர்கள் நம் சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள், மாட்டுக்கறி தின்கிற ஒருவனுக்கா இந்த மண்ணில் முடிசூட்டு என்று போகிறது கடிதம். அடுத்த ஐந்தாவது நாள் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அந்த 'ஐந்தாம்' என்பதை வைத்து, ராஜாவைப் பஞ்சமன் என்று எழுதியிருக்கிறார். ஐந்தாமவன் என்றும் பொருள், நாலு வருணத்துக்கு வெளியே இருக்கிறவன் என்றும் பொருள். வசவாக எழுதியிருக்கிறார்.

அந்தச் சொல் எங்கள் ஆட்களுக்கு வைத்த சொல். எங்கள் வீட்டிலும் மாட்டுக்கறி ஆக்குவார்கள். விடுதி அறையில் அதைப் படித்தபோது கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. மேடையில் நான் தொண்டை கிழியக் கத்திய பெயர், என்னைப் போன்றவனை வசவுச் சொல்லாக வைத்திருந்தது.

உடனே மறுபக்கம் தாவுவது எளிது. ஊரில் இப்போது ஒரு கதை உலவுகிறது. பிரசவ வலியில் துடித்த சேரிப் பெண்ணை ஆஷ் அக்கிரகாரம் வழியாக வண்டியில் கொண்டுபோனார், அதற்காகத்தான் கொன்றார்கள் என்று. எனக்கு அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசை. ஆனால் அன்றைய ஆவணங்கள் எதிலும் அதற்குப் பிடிமானம் இல்லை. ஆஷைத் தேடி அயர்லாந்து வரை போன ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' காட்டுகிற ஆள் வள்ளலும் அல்ல, ராட்சசனும் அல்ல. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதையொட்டி திருநெல்வேலியில் நான்கு பேரைச் சுட்டுக்கொன்றபோது அங்கே கலெக்டர் விஞ்ச். ஆஷ் தூத்துக்குடியில் சப் கலெக்டர். சுதேசிக் கப்பல் கம்பெனியை நெரித்ததில் அவருக்குப் பங்கு இருந்தது என்று தேசியவாதிகள் உறுதியாக நம்பினார்கள். கப்பல் கம்பெனி நொடித்ததும் வ.உ.சி. செக்கிழுத்ததும் உண்மை. அந்த வெப்பத்தில் இருபத்தைந்து வயசுப் பையன் துப்பாக்கி எடுத்தான் என்பதை நான் புரிந்துகொள்கிறேன். கடிதத்தை மன்னிப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தராசில் போடச் சொன்னால் என்னால் ஆகாது.

பிறகு போலீஸ் வேட்டை. வாஞ்சியின் கூட்டாளிகளில் தர்மராஜ ஐயர் விஷம் குடித்தார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது, தூத்துக்குடியில் அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் உண்டு. ஸ்டேஷனுக்கு வாஞ்சியின் பெயர்.

ஆட்டத்தில் இருக்கும் அந்த வெறும் வெளி மணியாச்சியில் இல்லை. ஆஷ் ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. வாஞ்சியிடமும் யாரும் எதையும் கேட்கமுடியவில்லை. மிஞ்சியது ஒரு தாள். கொன்றவன் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு வந்தது.

இதையெல்லாம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கோப்பிக் கடையில் பையனிடம் கதையாகச் சொன்னேன். பஞ்சமன் என்ற சொல்லை அவன் கேள்விப்பட்டதே இல்லை. விளக்கினேன். சிங்கப்பூரில் பிறந்தவன், அம்மா அவனிடம் இதெல்லாம் பேசியதில்லை. கொஞ்ச நேரம் தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அப்போ அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா மாமா?"

இல்லைடா என்றேன்.

"அந்த டம்ளர் எங்க இருக்கு?"

ஊரில், அம்மாவின் பரணில். போன பொங்கலுக்குப் போனபோது இறக்கிப் பார்த்தேன். அடியில் என் பெயரும் ஆகஸ்ட் 15 என்றும் வெட்டியிருக்கிறது. அம்மா அதில்தான் அரிசி அளக்கிறாள்.