ஒட்டுப்படமும் மாஸ்க்கும்

போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது மகாமகக் குளக்கரைக்குக் கூட்டிப் போனேன். கைப்பேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஒரு சுற்று சுற்றினான். குளம், சுற்றி நிற்கிற மண்டபங்கள், எதிர்க்கரை மாடிவீடுகள் எல்லாம் ஒரே நீளப் படமாக வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தலை ஓரிடத்தில், கால் ஓரிடத்தில். நடுவே உடம்பைக் காணோம்.

"தாத்தா, இவரு பாதி காணாம போயிட்டாரு" என்று சிரித்தான்.

"மீதிப் பாதி எங்கே போச்சு, கண்டுபிடி" என்றேன். முழித்தான். அவனால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு காலத்தில் முடிந்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படத்தைச் சுற்றிவளைத்துக் காட்டும் ஆசை காமிராவுக்கும் முந்தியது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோ நகரத்தை ஒரு குன்றின் மேலிருந்து முழு வட்டமாக வரைந்து, அந்த முறைக்கு 1787-இல் காப்புரிமை வாங்கினார். 'பனோரமா' என்ற சொல்லே அந்த முயற்சியோடு வந்ததுதான். 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டமான கட்டடம் கட்டினார். காசு கொடுத்து உள்ளே போய் நடுவில் நின்றால் சுற்றிலும் ஊர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்ததும், அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையை ராபர்ட் கெர் போர்ட்டர் பிரம்மாண்டமான சீலையில் வரைந்து லண்டனில் காட்டினார். சினிமாவுக்குப் பெரியப்பா என்று இதைச் சொல்லலாம்.

காமிரா வந்த பிறகு ஒரு சிக்கல். ஓவியன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரே சீலையில் வரைந்துவிடுவான். காமிராவுக்குக் கண் ஒரு பக்கம்தான். ஆகவே துண்டு துண்டாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 1848-இல் ஃபோன்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றுக்கு இக்கரையில் நின்று அக்கரைச் சின்சினாட்டி நகரத்தை எட்டுத் தகடுகளில் எடுத்தார்கள். எட்டும் தனித்தனி. ஒட்டவில்லை, அடுக்கினார்கள், அவ்வளவுதான்.

ஒட்டினவரைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டாம். இங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்குப் போனால் போதும். கேப்டன் லினேயஸ் ட்ரைப் கம்பெனிப் படையில் அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-இல் பெரிய கோயிலுக்கு வந்தவர் கோபுரத்தையும் நந்தியையும் எடுத்ததோடு நிற்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிறதே ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, அதன் ஓரமாகவே காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படித்து அச்சேற்றிய தொகுதி 1891-இல்தான் வரத் தொடங்கியது. அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, எழுத்துகள் அப்படியே காகிதத்தில் ஏறிவிட்டன.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரே இடத்தில் நின்று காமிராவைத் திருப்புவது ஒரு வகை. சுவரோரமாக நகர்ந்துகொண்டே போவது வேறு வகை. ஒவ்வொரு தடவையும் சுவருக்கும் காமிராவுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது. மாறினால் ஒரு படத்தில் எழுத்து பெரியது, அடுத்ததில் சின்னது. ஒட்டினால் வரி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். மெழுகு பூசிய காகித நெகட்டிவும், தஞ்சாவூர் வெயிலும் வேறு. இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1859-இல் புது கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இது வீண் செலவு என்று துறையையே மூடினார். எந்தக் காலத்திலும் சிக்கனக் கத்தரி முதலில் இப்படிப்பட்ட இடத்தில்தான் விழும்.

ட்ரைப் இன்னொன்றும் செய்தார். அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறும் வெளுப்பாகவும், மரங்கள் கறுப்புத் திட்டாகவும் விழும். அவர் நெகட்டிவின் பின்பக்கம் தூரிகையால் வண்ணம் தொட்டு, மேகத்தையும் இலையையும் தேற்றினார். அதே வருஷங்களில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். ஒரு நெகட்டிவ் அச்சாகும்போது மீதித் தாளை மூடி வைக்க வேண்டும். அந்த மூடிதான் மாஸ்க்.

இந்த மூடியோடு நான் 31 வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆப்செட் அச்சகத்தில் பிராசஸ் காமிரா பிரிவில் எனக்கு வேலை. பிலிம் நெகட்டிவை ஒளிமேஜையில் பரப்பி, அச்சில் வரக் கூடாத இடத்தில் 'ஒபேக்' என்ற சிவப்பு மையைத் தூரிகையால் பூசுவோம். பிளேட்டில் ஏற வேண்டிய வெளிச்சத்தைச் சிவப்பு தடுத்துவிடும். சேர்ந்த புதிதில் அவசரக்காரனான நான், ஒரு நெகட்டிவில் வேண்டாத கோட்டைப் பிளேடால் சுரண்டினேன். எங்கள் ஃபோர்மேன் பார்த்துவிட்டார். "சுரண்டாதே, பூசு. பூசினதை நாளைக்கு ஈரப்பஞ்சால துடைக்கலாம். சுரண்டினதை உங்கப்பன் வந்தாலும் ஒட்ட முடியாது" என்றார். திட்டுதான். ஆனால் பிறகு கம்ப்யூட்டரில் நான் படித்த பாதி விஷயம் அந்தத் திட்டுக்குள்ளேயே இருந்தது.

நால் சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990-இல் வந்தது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'லேயர்' சேர்ந்தது, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. ஒவ்வொரு லேயருக்கும் ஒரு மாஸ்க் போடலாம். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும், சாம்பல் நிறம் பாதி தெரியும். எங்கள் ஒபேக் மைதான் இது. கையில் ஒட்டாது, அவ்வளவே வித்தியாசம்.

படங்களைத் தானாக ஒட்டும் வேலைக்குப் பெரிய வழி திறந்தவர் ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர். கடிகாரத்துக்குப் பேர்போன ஃபுர்ட்வாங்கன் ஊர்க் கல்லூரியில் வாத்தியார். 1998-இல் 'பனோரமா டூல்ஸ்' எழுதி இலவசமாகக் கொடுத்தார். அழகு கிடையாது. எந்தப் படம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று எழுத்துக்கோப்பில் எழுதித் தர வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்று காப்புரிமையைக் காட்டி மிரட்டியதில் மனிதர் நொந்து ஒதுங்கினார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் வேறு பலர் கட்டினார்கள். பாப்லோ டான்ஜெலோ 2003-இல் 'ஹியூகின்' தொடங்கினார். ஆண்ட்ரூ மிஹால் 2004-இல் 'என்பிளெண்ட்' கொடுத்தார். இந்த என்பிளெண்டின் மூளை, பர்ட், ஏடெல்சன் என்ற இருவர் 1983-இல் எழுதிய கட்டுரை. வானம் போன்ற பரந்த நிறத்தை அகலமான பட்டையில் மெல்லக் கலக்க வேண்டும், இலை, எழுத்து போன்ற நுணுக்கத்தைக் குறுகிய பட்டையில் சட்டென்று மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தையல்காரர் கனத்த துணிக்கு ஒரு தையல், மெல்லிய துணிக்கு வேறு தையல் போடுவதில்லையா, அதுபோல.

இனி முக்கியமான இடம். டெர்ஷின் நிரல் எல்லாப் படத்தையும் வளைத்துப் பொருத்திய பிறகு, எந்த வடிவத்தில் சேமிக்க என்று கேட்கும். ஜேபெக் என்றால் எல்லாம் ஒரே தாளாகத் தட்டப்பட்டுச் சின்னக் கோப்பாக வரும். ஜேபெக்கில் லேயரும் கிடையாது, ஊடுதெரியும் வசதியும் கிடையாது. ஒரு பக்கம் 65,535 புள்ளிக்கு மேலும் போகாது. டிஃப் 1986-இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் வகுத்த பழைய வடிவம். எதையும் இழக்காது, 4 ஜிகாபைட்டில் நின்றுவிடும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனி டிஃப்பாக, மாஸ்க்கோடு வாங்கலாம். மூன்றாவது, போட்டோஷாப்பின் பிஎஸ்டி. படத்துக்கு ஒரு லேயர், லேயருக்கு ஒரு மாஸ்க், எல்லாம் ஒரே கோப்பில். அதற்கும் ஒரு பக்கம் 30,000 புள்ளி என்று எல்லை உண்டு. பெரிய படங்களுக்காகப் பிஎஸ்பி என்று அண்ணன் ஒருவன் 2003-இல் வந்தான்.

ஜேபெக் என்பது சுரண்டியது. மாஸ்க்கோடு கூடிய பிஎஸ்டி பூசியது. பேரன் கைப்பேசி சுரண்டிவிட்டது, அதனால்தான் அந்த ஆளின் மீதிப் பாதி அகப்படாது.

இப்போது என் கதை. 2004 மகாமகம் மார்ச் 6-ஆம் தேதி. அன்றைக்குக் கூட்டத்தில் காமிராவைத் தூக்கவே முடியாது என்று, சில நாள் முன்னதாகவே வடகரையில் உறவினர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றேன். ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய 3 மெகாபிக்சல் டிஜிட்டல் காமிரா. இடமிருந்து வலமாக எட்டுப் படம் எடுத்தேன். அக்கா பையன்தான் கம்ப்யூட்டரில் டெர்ஷின் நிரலைப் போட்டுக் கொடுத்தான். "மாமா, ஜேபெக் மட்டும் வெச்சுக்காதீங்க, பிஎஸ்டியும் ஒண்ணு எடுத்து வைங்க" என்றான். ஜேபெக் 4 மெகாபைட். பிஎஸ்டி நூறு மெகாபைட்டுக்கும் மேல். திறந்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஃபோர்மேன் குரல் காதில் விழுந்ததோ என்னவோ, முனகிக்கொண்டே ஒரு சிடியில் எழுதிப் பீரோவில் போட்டேன். ஜேபெக்கைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "நான் கீழேதான்டா நின்னேன். உன்னைக் கூப்பிடக்கூட செஞ்சேன். என்னை மட்டும் விட்டுட்டே" என்பாள். "நீ படத்துக்குள்ள வரலைக்கா" என்பேன். 2007-இல் ஹார்ட் டிஸ்க் போனது. மூலப் படங்கள் எட்டும் அதோடு போயின. 2015 கடைசியில் அக்காவும் போனாள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி மகாமகம். துக்கத்தில் இருந்ததால் நாங்கள் யாரும் குளத்துக்குப் போகவில்லை. வீட்டில் பொழுது போகாமல் அந்தச் சிடியைத் தேடி எடுத்தேன். நல்ல வேளை, ஓடியது. கிம்ப் என்ற இலவச நிரலில் திறந்தேன். எட்டு லேயர், எட்டு மாஸ்க். ஒவ்வொரு லேயராக மாஸ்க்கை முடக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாவது லேயரில், வலது ஓரத்தில், கைப்பிடிச் சுவர் பக்கத்தில் அக்கா நின்றாள்.

முகம் இருபது புள்ளி அகலம்கூட இராது. மூக்கும் கண்ணும் தெரியாது. ஆனால் இடுப்பில் ஒரு கையும், நெற்றியில் வெயிலுக்கு மறைப்பாக ஒரு கையுமாக அண்ணாந்து பார்க்கும் அந்த நிலையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். மூன்றாம் படமும் நான்காம் படமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், நடுவிலே கோடு கிழித்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு என்று நிரல் பிரித்திருக்கிறது. அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் நான்காம் படம் எடுப்பதற்குள் அவள் நகர்ந்துவிட்டிருக்கிறாள். அந்த இடத்தில் ஒரு பலூன்காரர் வந்து நிற்கிறார். பன்னிரண்டு வருஷம் நான் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான். அக்கா சொன்னதுதான் சரி.

மாஸ்க்கை மாற்றி வரைய உட்கார்ந்தேன். மூன்றாம் லேயரில் அக்கா நிற்கும் இடத்தை வெள்ளையாக்க வேண்டும், நான்காம் லேயரில் அதே இடத்தைக் கறுப்பாக்க வேண்டும். விளிம்பில் கொஞ்சம் சாம்பல். ஹியூகினில் 2010 முதல் ஒட்டுவதற்கு முன்பே 'இந்த ஆள் இருக்கட்டும், அந்த ஆள் வேண்டாம்' என்று குறித்துவிடலாம். எனக்குக் கையால் பூசித்தான் பழக்கம். சுவரின் நிழல் இரண்டு படத்திலும் ஒரு துளி வித்தியாசம். அதைச் சரிக்கட்ட ஒரு மத்தியானம் ஆனது. பலூன்காரரை முழுசாக மறைத்தால்தான் அக்கா முழுசாக வருவாள். இருவரையும் சேர்த்து நிறுத்த இடமில்லை.

அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, அம்மா உங்களைத்தான் பார்க்கிறாங்க" என்றாள். இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது புது அச்சு. பிஎஸ்டி கோப்பை மாஸ்க்கோடு அப்படியே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கிறேன். பலூன்காரரும் அதில் இருக்கிறார். அவர் வீட்டார் யாராவது என்றைக்காவது கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.