கோபாற்றுச் சேர்வைகளும் ஒரு நீண்ட விவாதமும்

தாண்டல் உலோகங்களைக் கற்கப் புகும் மாணவனின் கண்ணில் முதலிற் படுவது அவற்றின் சேர்வைகளின் நிறமே. ஒரே உலோகம் பல வலுவளவுகளைக் காட்டுதலும் அவற்றின் சிறப்பியல்பாகும். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயன அறிஞரைப் பெரிதும் மயங்கவைத்தது வேறொன்று: தன் வலுவளவு நிறைவுற்ற பின்னரும் இத்தகைய உலோகம் அமோனியாவை ஏற்றுக்கொள்வது எங்ஙனம்?

கோபாற்று முக்குளோரைட்டு ஆறு அமோனியா மூலக்கூறுகளை ஏற்கும்போது மஞ்சளாகவும், ஐந்தை ஏற்கும்போது ஊதாச் சிவப்பாகவும், நான்கை ஏற்கும்போது பச்சையாகவும் தோன்றுகிறது. இவற்றின் கரைசல்களில் வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்தால் முறையே மூன்று, இரண்டு, ஒன்று என்ற அளவிலேயே குளோரீன் உடனே வீழ்படிவாகும்.

கொப்பன்கேகனில் வாழ்ந்த யோர்கென்சன் இத்தகைய சேர்வைகளைப் பல்லாண்டு உழைத்து ஆக்கியவர். காபன் அணுக்களைப் போல அமோனியாவும் சங்கிலியாக இணைகிறது என்ற புளொம்ஸ்ராண்டின் கொள்கையை அவர் திருத்தி வளர்த்தார். 1893 இல், இருபத்தாறு வயதினரான அல்பிரட் வேர்ணர் அதனை மறுத்தார். உலோக அணுவைச் சூழ ஆறு இடங்கள் எண்முகியாக அமைந்துள்ளன; அங்கே பற்றப்பட்ட குளோரீன் வீழ்படியாது என்பது அவர் கருத்து. அவ்வேளையில் அவர் தாமே ஆக்கிய கோபாற்றுச் சேர்வைகள் எவையுமில்லை. யோர்கென்சனின் பெறுபேறுகளைக் கொண்டே யோர்கென்சனை எதிர்த்தார் எனலாம். அது துணிவா, துடுக்கா என்று அன்று பலர் ஐயுற்றிருத்தல் கூடும்.

மூன்று அமோனியா மட்டும் கொண்ட சேர்வையில் ஒரு குளோரீன் வீழ்படிய வேண்டும் என்றது சங்கிலிக் கொள்கை. ஒன்றும் வீழ்படியாது என்றது வேர்ணரின் கொள்கை. இரிடியத்தின் அத்தகைய சேர்வையை ஆக்கிய யோர்கென்சன் எதுவும் வீழ்படியாமையையே கண்டார். தமக்குப் பாதகமான அம்முடிவை அவர் மறைக்கவில்லை.

எனினும் விவாதம் ஓயவில்லை. எண்முகி அமைப்பு மெய்யாயின் பச்சைச் சேர்வைக்கு இன்னொரு சமபகுதிச் சேர்வை இருத்தல் வேண்டும். வேர்ணர் அதனை ஊதா நிறத்தில் 1907 இல் ஆக்கிக் காட்டியபோது யோர்கென்சன் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். 1911 இல் வேர்ணரும் அவரது மாணவர் விக்டர் கிங்கும் ஒரு கோபாற்றுச் சேர்வையை ஒளியியல் எதிர்வடிவங்களாகப் பிரித்தனர். 1913 இல் வேர்ணருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போதும் சிலர், ஒளியைச் சுழற்றுவது அச்சேர்வையிலுள்ள காபனே என்று வாதிட்டனர். 1914 இல் வேர்ணர் காபன் சிறிதுமற்ற ஒரு சேர்வையையும் பிரித்துக் காட்டினார். அச்சேர்வையை முதன்முதலில் ஆக்கியவர் யோர்கென்சன். அவர் இறந்ததும் அவ்வாண்டிலேயே.