குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பு

வீடுகள் அடர்ந்த தெருக்களில், நடப்பவர்களுக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் ஆபத்து நேராத வேகத்தில் வண்டிகள் போகும்படி செய்ய எடுக்கப்படும் சட்ட, கட்டுமான நடவடிக்கைகள் குடியிருப்புத் தெரு வேகக் குறைப்பு எனப்படும். பல நாடுகள் இதற்கு ஏற்றுக்கொண்டிருக்கும் வரம்பு மணிக்கு 30 கி.மீ. வேக வரம்புப் பலகை நடுவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. தெரு அகலமாக, நேராக, வழுவழுப்பாக இருந்தால் பலகையில் என்ன எண் எழுதியிருந்தாலும் வண்டிகள் விரைந்தே போகும். ஓட்டுநரின் வேகத்தைத் தீர்மானிப்பதில் தெருவின் அமைப்புக்கே முதல் பங்கு.

30 ஏன்?

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் அதன் பிறகு வண்டி நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் போதும். ஆக, சுமார் 13 மீட்டரில் கார் நின்றுவிடும். அதேபோன்ற இன்னொரு கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் பிரேக்கே பிடிக்காமல், முழு வேகத்தில் கடக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 50இல் விழும் அடி 30இல் விழுவதைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. கூடுதலாக 20 கி.மீ. வேகத்தில் போய் ஒரு தெருவில் மிச்சமாகும் நேரம் சில நொடிகள்தான்.

டெல்ஃப்ட் நகரில் தொடக்கம்

தெருவின் அமைப்பை மாற்றி வேகத்தைக் குறைக்கலாம் என்று வழிகாட்டிய நாடு நெதர்லாந்து. 1960களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் ‘வோனெர்ஃப்’ என்ற தெருவகை உருவானது. அதற்கான சிந்தனையைத் தந்தவர் நகரமைப்புப் பேராசிரியர் நீக் டெ பூர். செயல்படுத்தியவர் நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால். வோனெர்ஃபில் நடைபாதை தனி, சாலை தனி என்ற பிரிவு கிடையாது. வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல்வரை ஒரே மட்டத்தில் கல் பாவியிருக்கும். மரத்தொட்டி, பெஞ்சு, கார் நிறுத்துமிடம் ஆகியவை ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று மாறிமாறி வரும். நீண்ட நேர்ப்பாதை கண்ணில் படாததால் ஓட்டுநர் வளைந்து வளைந்தே போயாக வேண்டும். 1976இல் இதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. தெருவின் முழு அகலத்தையும் நடப்பவர்கள் பயன்படுத்தலாம், குழந்தைகள் விளையாடலாம், வண்டிகள் நடைவேகத்தில் போக வேண்டும் என்பவை அதன் சாரம். வீடும் காரும் பெரியவரும் பந்து வைத்திருக்கும் குழந்தையும் வரைந்த நீலப் பலகைதான் அதன் அடையாளம்.

பொறியாளர்களின் இந்தச் சோதனையை அரசியல் கோரிக்கையாக்கியவர்கள் பெற்றோர்கள். 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட்’, அதாவது ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற இயக்கம் பிறந்தது. அதன் முதல் தலைவி மார்ட்யெ ஃபான் புட்டன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். குழந்தைகளின் சாவைத் தவிர்க்க முடியாத விபத்துக் கணக்கில் சேர்க்க மறுத்ததே இந்த இயக்கத்தின் பெரும் சாதனை.

வண்டிகளால் ஏற்படும் இழப்பு உயிரோடு முடிவதில்லை என்று காட்டியவர் நகரமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட். சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். ஒரு நாளில் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. இந்த ஆய்வை விரிவாகச் சொல்லும் அவருடைய நூல் 1981இல் வந்தது. அடுத்த ஆண்டே ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி அவர் இறந்துபோனார்.

வேகத்தடை

உலகில் மிகப் பரவலான கருவி வேகத்தடைதான்; மிகத் தவறாகக் கட்டப்படுவதும் அதுவே. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் ஜி. ஆர். வாட்ஸ் நடத்திய சோதனைகள் இதன் இலக்கணத்தை வகுத்தன. ஒரு சாண் அகலமுள்ள குறுகிய மேட்டைக் கார் வேகமாகத் தாண்டினால் சக்கரம் எகிறினாலும் ஸ்பிரிங் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்கிறது; உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அகன்ற மேட்டிலோ வண்டி முழுவதுமே ஏறி இறங்க வேண்டியிருப்பதால், வேகம் கூடக்கூட உலுக்கலும் கூடுகிறது. அவர் கண்ட வடிவம் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வில் வளைவு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறத்தாழ அதே அளவுகளையே சொல்கிறது. கடக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.; மேட்டின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும்; 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

நம் தெருக்களில் நாம் தாண்டுபவற்றில் எத்தனை இந்த அளவில் இருக்கின்றன? ஒரு விபத்து நடந்ததும் தெருக்காரர்களே ஜல்லியும் சிமெண்டும் கொட்டி எழுப்பிவிடும் மேடுகள் உண்டு. அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் செங்குத்தான, பட்டை அடிக்காத அந்த மேடு காரை அதிகம் அசைப்பதில்லை; இரவில் ஸ்கூட்டரில் வருபவரைக் கீழே தள்ளுகிறது, ஆட்டோவில் போகும் கர்ப்பிணியின் இடுப்பை உலுக்குகிறது. மழைநீர் ஓட ஓரத்தில் விட்ட இடைவெளி வழியே பைக்குகள் வேகம் குறையாமல் நழுவிவிடுகின்றன, நடப்பவர்கள் ஒதுங்கும் ஓரமும் அதுதான் என்றாலும்.

பரவல்

ஜெர்மனியின் புக்ஸ்டஹூட நகரில் 1983இல் 30 கி.மீ. மண்டலம் சோதிக்கப்பட்டது. 1992இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் முதன்மைச் சாலைகள் தவிர்த்த எல்லாத் தெருக்களுக்கும் அதை விரித்தது. பாரிஸ் 2021இலும் ஆம்ஸ்டர்டாம் 2023இலும் இதே வழிக்கு வந்தன. வேல்ஸ் 2023 செப்டம்பரில் வீடுகள் நிறைந்த சாலைகளுக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., என்பதை இயல்பு வரம்பாக்கியபோது, எதிர்த்து 4.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். சட்டம் நீடிக்கிறது, சில சாலைகளை மட்டும் பழைய வரம்புக்குத் திருப்ப உள்ளாட்சிகளுக்கு வழி தரப்பட்டது. சென்னையில் மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கி.மீ. என்று அறிவித்தது.

குறுக்கு வழியாக நுழையும் வண்டிகளைத் தடுப்பது இன்னொரு முறை. பார்சிலோனாவின் ‘சூப்பரில்யா’ திட்டத்தில் பல தெருச்சதுரங்கள் ஒன்றாக்கப்படுகின்றன. வண்டி உள்ளே வரலாம். ஆனால் ஊடுருவி மறுபக்கம் போக முடியாதபடி திருப்பங்கள் அமைக்கப்படுகின்றன.

ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்பது வேகத்தடைகளுக்கு எதிரான நியாயமான ஆட்சேபம். இதற்காகச் சில நாடுகளில் மேட்டைத் துண்டுதுண்டாக அமைக்கிறார்கள். அகன்ற ஆம்புலன்ஸின் சக்கரங்கள் இரு பக்கமும் தப்பிவிடும். இருசக்கர வண்டிகள் மிகுந்த நம் ஊர்களுக்கு இது அவ்வளவாக உதவாது, அவையும் அதே இடைவெளியில் புகுந்துவிடுவதால். இங்கே தெருமுனையைக் குறுக்கி, நுழைவிடத்தை முழு அகலத்துக்கும் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவதே பொருத்தம்: எந்த வண்டியும் ஏறித்தான் உள்ளே வர வேண்டும், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் இறங்காமல் கடக்கலாம்.